சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுத்தவரும் நாற்காலியை வீசியவரும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றியவை. அதிலும் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும் அந்தத் தலைமை கோச்சைப் பற்றியே எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தப் பைத்தியம் பிடித்த ஆள்தான். அதனால் இம்முறை அரசியலுக்கும் சினிமாவுக்கும் லீவு.

கேள்வி: ஒரு மாநில கவர்னரைவிட அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் அதிகம் சம்பாதிக்கிறார் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா, கதை விடுகிறானா?

உண்மைதான். பல மாநிலங்களில் அரசு ஊழியர் சம்பளப் பட்டியலில் முதல் பெயர் ஏதாவது ஒரு அமெரிக்க ஃபுட்பால் கோச்சுடையதாகவோ கூடைப்பந்து கோச்சுடையதாகவோதான் இருக்கும். ஆனால் அவ்வளவும் வரிப்பணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கோச் ஒருவரின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் அதில் ஒரு சின்னத் துண்டு. டிவியிலும் ரேடியோவிலும் பேசுவதற்கு ஒரு தொகை, ஷூ கம்பெனி வழியாக ஒரு தொகை, தேசியப் பட்டத்துக்கான மார்ச் மாதப் போட்டித்தொடருக்குள் நுழைந்தால் இவ்வளவு, கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தால் இவ்வளவு, பையன்கள் பரீட்சையில் தேறினால் இவ்வளவு என்று மீதி நீண்டுகொண்டே போகும். டிக்கெட், டிவி உரிமை, பழைய மாணவர்களின் நன்கொடை, எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பணம் வருகிறது.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது ‘பைஅவுட்’ என்கிற ஏற்பாடு. ஒப்பந்தக் காலம் முடியும் முன்னே கோச்சை அனுப்பினால் பல்கலைக்கழகம் அவருக்குப் பணம் தர வேண்டும். அவரே வேறு இடத்துக்குத் தாவினால் புதிதாக எடுப்பவர்கள் பழைய இடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தோற்றுக்கொண்டே இருந்ததற்காக ஒருவருக்குச் சில மில்லியன் டாலர் கொடுத்து வழியனுப்பும் தொழில் உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறது என்று தெரியவில்லை. 2024 ஜூனில் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் லேக்கர்ஸ் அணி கனெக்டிகட் பல்கலைக்கழக கோச் டான் ஹர்லியை 6 வருடத்துக்கு 70 மில்லியன் டாலர் தருகிறோம் வா என்று கூப்பிட்டது, அவர் வேண்டாம் என்று கல்லூரியிலேயே இருந்துவிட்டார். இந்தப் பக்கம் ஜான் வுடன். யூ.சி.எல்.ஏ. என்கிற லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துக்கு 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு 1975இல் ஓய்வு பெற்றார், அதுவரை அவருடைய ஆண்டுச் சம்பளம் 35,000 டாலரைத் தாண்டியதே இல்லை.

கேள்வி: என் மகன் அங்கே மேல்படிப்புக்குப் போனான். இப்போது கல்லூரி அணிக்கு மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன், ஒருநாள் கோச் ஆவேன் என்கிறான். விசாரித்தால் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுப்பது, துண்டு மடிப்பதுதான் வேலையாம். பள்ளிக்கூட அணியில்கூட அவன் ஆடியதில்லை. பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம், ஆனால் தண்ணீர் பாட்டிலை மட்டும் இளக்காரமாக நினைக்காதீர்கள். டஸ்டி மே என்று ஒருவர், இண்டியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட் கோச்சாக இருந்தபோது இதே மாணவ மேனேஜர் வேலையைத்தான் பார்த்தார். 2000இல் படிப்பு முடிந்தது. அப்புறம் ஊர் ஊராக வீடியோ வெட்டி ஒட்டுவது, உதவிப் பயிற்சியாளர் வேலை என்று சுற்றி, 2018இல்தான் முதல் தலைமை கோச் நாற்காலி கிடைத்தது, அதுவும் ஃப்ளோரிடா அட்லாண்டிக் என்று அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஓர் இடத்தில். 2023இல் அந்த அணியைக் கடைசி நான்கு வரை கொண்டுபோனார். சான் டியேகோ ஸ்டேட்டிடம் 72-71, கடைசி நொடியில் விழுந்த ஒரே ஷாட்டில் போயிற்று. அடுத்த ஆண்டு மிச்சிகன் அவரை எடுத்துக்கொண்டது. அதே நைட்டிடம் அதே மேனேஜர் வேலை பார்த்த லாரன்ஸ் ஃபிராங்க் என்.பி.ஏ.விலேயே தலைமை கோச் ஆனார்.

ஆக, ஆட்டக்காரனாக இருந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. கட்டாயம் என்னவென்றால், அடிமட்டத்தில் சோறுக்கே திண்டாடும் சில வருடங்களைத் தாங்குவது. ராய் வில்லியம்ஸ் கதையை மகனிடம் சொல்லுங்கள். பள்ளியில் கோச்சாக நிலையான வேலை இருந்தது, மனைவி, கைக்குழந்தை எல்லாம் இருந்தது. 1978இல் அதை விட்டுவிட்டு வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்துக்குப் பகுதிநேர உதவியாளராகப் போனார். சம்பளம் வருடத்துக்கு 2,700 டாலர். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. வயிற்றைக் கழுவ அணியின் காலண்டர்களைக் காரில் போட்டுக்கொண்டு மாநிலம் முழுக்க விற்றார், தலைமை கோச்சின் வாராந்தர டிவி நிகழ்ச்சி டேப்களை ஒவ்வொரு டிவி நிலையமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்து வருடம் இப்படி உதவியாளராகவே ஓடியது. 1988இல் கேன்ஸஸ் கூப்பிட்டபோது அவர் எந்தக் கல்லூரியிலும் ஒருநாள்கூடத் தலைமை கோச்சாக இருந்ததில்லை. ஓய்வு பெறும்போது கணக்கு 903 வெற்றி, 3 தேசியப் பட்டம்.

பிராட் ஸ்டீவன்ஸ் எலை லில்லி மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 2000இல் பட்லர் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத ஆளாகச் சேர்ந்தார். 30 வயதில் தலைமை கோச். 2010, 2011 இரண்டு வருடமும் இறுதிப்போட்டி.

இதெல்லாம் ஜெயித்தவர்கள் கதை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் பிரிவில் இருப்பதே சுமார் 360 கல்லூரிகள், அதாவது ஆண்கள் அணிக்கு சுமார் 360 நாற்காலிகள், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான உதவியாளர்கள். பையனை அந்தப் படிப்பை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். சம்பளம் என்று ஏதாவது வந்தால் விசா விதிகளைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கைநீட்டச் சொல்லுங்கள். வீடியோ வெட்டவும் புள்ளிவிவரம் பார்க்கவும் தெரிந்தால் அங்கே இன்று மதிப்பு அதிகம், மேல்படிப்பு அந்த வகையில் வீணாகாது.

கேள்வி: மேட்ச் 40 நிமிடம்தானே. மீதி நேரம் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

போன் பேசுகிறார்கள்.

விளையாட்டில்லை, நிஜமாகவே அதுதான் பெரிய பங்கு. சீசன் நடக்கும்போது பையன்களை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி, ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான். கோச்சுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. எதிரணியின் பழைய ஆட்டங்களை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும், நன்கொடையாளர்களோடு சாப்பிட வேண்டும், எந்தப் பையன் எந்தப் பாடத்தில் கோட்டை விடுகிறான் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஆள்பிடிப்பது. 17 வயதுப் பையன் ஒருவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடமும் பாட்டியிடமும் ‘உங்கள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி நம்பவைக்க வேண்டும். வியூகம் வகுப்பதில் சூரனாக இருந்தும் இந்த ஹாலில் வாயடைத்துப் போய் வேலை இழந்தவர்கள் உண்டு. ஜூலை மாதம் பள்ளிப் பையன்களின் கோடைப் போட்டிகள் நடக்கும் உள்ளரங்கத்துக்குள் எட்டிப் பார்த்தால், நாட்டின் பெரிய பெரிய கோச்சுகள் தங்கள் கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம், போய்ப் பேசக் கூடாது என்பது மாதிரி விதிகள் காலண்டர் போட்டு இருப்பதால், அந்தப் பையன் கண்ணில் படுவது மாதிரி உட்கார்ந்திருப்பதே அன்றைய வேலை.

கேள்வி: அங்கேயும் நம் சினிமா மாதிரிதானா? முதல் படம் ஊற்றிக்கொண்டால் அடுத்த வாய்ப்பு இல்லையா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். சரி, ஒரு கணக்கு சொல்கிறேன், யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். முதல் வருடம் 17 வெற்றி, 13 தோல்வி. இரண்டாம் வருடம் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாம் வருடம் 11-17, அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று அடி. இந்த வேலைக்கு வருவதற்கு முன் ராணுவக் கல்லூரியில் அவருடைய கடைசி சீசன் 9-17. பணம் போட்ட பழைய மாணவர்கள் இவனைத் துரத்து என்று கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

மைக் ஷஷெஃப்ஸ்கி. பெயரை யாராலும் வாசிக்க முடியாததால் ‘கோச் கே’. டியூக் பல்கலைக்கழகம். ஓய்வு பெற்ற 2022இல் மொத்தம் 1,202 வெற்றி, 5 தேசியப் பட்டம், இடையில் அமெரிக்க அணிக்கு 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். எல்லாரும் கோச் கேவின் மூளையைப் பற்றி எழுதிவிட்டார்கள். டாம் பட்டர்ஸ் என்கிற மனிதரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர் அப்போது டியூக்கின் விளையாட்டுத்துறை இயக்குநர். சுற்றிலும் எல்லாரும் வேலையை விட்டுத் தூக்கச் சொன்ன நேரத்தில், 1984 ஜனவரியில், அந்த கோச்சைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தை ஐந்து வருடம் நீட்டித்துக் கொடுத்தார். முதல் பட்டம் வந்தது 1991இல், பதினோராவது சீசனில். பட்டர்ஸ் அன்றைக்குப் பயந்திருந்தால் அந்த 1,202இல் எத்தனை வந்திருக்கும்?

டீன் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்ட்டிடம் தோற்றுவிட்டு அணி பஸ்ஸில் திரும்பி வருகிறது, வாசலில் மாணவர்கள் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சொந்தக் கல்லூரி மாணவர்கள்! பில்லி கன்னிங்ஹம் என்ற ஆட்டக்காரர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிப்போய் அதைப் பிய்த்தெறிந்தார். ஸ்மித்துக்கு முதல் பட்டம் 1982இல் கிடைத்தது, 21ஆவது சீசன். வென்றது ஒரே புள்ளியில், ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 63-62. வெற்றி ஷாட்டை அடித்தது மைக்கேல் ஜோர்டன் என்கிற முதலாமாண்டுப் பையன். ஜான் வுடனுக்கே முதல் பட்டம் யூ.சி.எல்.ஏ.வில் 16ஆவது சீசனில்தான் வந்தது.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் எடுத்தவர்களின் பின்னால் தேடினால், பெரும்பாலும் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும் ஒரு ஆள், கொஞ்ச நாள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது என் கட்சி. இப்போது அப்படி உட்கார யாருக்கும் மனசு இல்லை. மூன்று மோசமான சீசன் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: பாப் நைட் மாதிரி கத்தினால்தான் பையன்கள் அடங்குவார்களா? நான் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், கத்தினால்தான் வேலை நடக்கிறது.

நைட்டுக்கு நடந்தது. 1976இல் அவருடைய இண்டியானா அணி 32 ஆட்டத்தில் 32 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம். அப்புறம் 1981, 1987 என்று இன்னும் இரண்டு. 1985 பிப்ரவரியில் பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் மேல் கோபம் வந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை ஆடுகளத்துக்குள் வீசினார், இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் பட்டங்களுக்கு முன் அந்த நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. 2000 மே மாதம் பல்கலைக்கழகம் இனி ஒரு சம்பவம்கூடப் பொறுக்கமாட்டோம் என்று எச்சரித்தது. செப்டம்பரில் வேலை போயிற்று, 29 வருடத்துக்குப் பிறகு. எனக்கு அவருடைய ஆட்ட அறிவு மேல் மரியாதை உண்டு, அந்தக் கோபத்தை அவருடைய மேதைமையின் ஒரு பகுதி என்று வியாபாரம் செய்தவர்கள் மேல் கிடையாது.

நீங்கள் ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இன்னொன்று சொல்ல ஆசை. 1974-75 சீசனில் ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்று இரண்டு உளவியலாளர்கள் ஜான் வுடனின் 15 பயிற்சி வகுப்புகளை ஓரமாக உட்கார்ந்து பார்த்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 தடவை அவர் ஏதோ ஒன்று கற்பித்திருந்தார். அதில் பாராட்டு 7 சதவீதத்துக்கும் கீழே, அதிருப்தியும் 7 சதவீதத்துக்கும் கீழே. முக்கால்வாசி வெறும் தகவல்: காலை இங்கே வை, பந்தை இப்படிப் பிடி, அவன் வரும் முன் நீ திரும்பு. திட்டும் கிடையாது, தட்டிக்கொடுப்பதும் அதிகம் கிடையாது. செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் ஆரம்பத்தில் பள்ளியில் ஆங்கில ஆசிரியர், அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு சீசனின் முதல் நாளும் நாட்டிலேயே சிறந்த பையன்களை உட்காரவைத்து, சாக்ஸ் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் இருக்கக் கூடாது, சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. பில் வால்டன் மாதிரி ஆட்களே முதல் நாள் இதென்னடா என்று முழித்திருக்கிறார்கள். கத்திப் பார்த்துவிட்டீர்கள், ஒரு வாரம் இப்படியும் செய்து பாருங்கள்.

கேள்வி: முதல் கல்லூரி கோச் யார்? கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே கோச்சாக இருந்து தோற்றுப்போனாராமே?

ஆமாம், அதுதான் அழகு. ஜேம்ஸ் நேஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் அடைந்து கிடந்த மாணவர்களைச் சமாளிக்க 13 விதிகளோடு இதைக் கண்டுபிடித்தார். பீச் பழக் கூடை இரண்டு மாட்டினார், அவ்வளவுதான். 1898இல் கேன்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து அதன் முதல் கூடைப்பந்து கோச் ஆனார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே ஆள், ஆட்டத்தையே உண்டாக்கியவர். அவருக்கு ஜெயிப்பதில் அவ்வளவு அக்கறை இல்லை, உடம்புக்கு நல்லது, ஆடட்டும் என்று விட்டுவிட்டார்.

அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடியவர்கள் கென்டக்கியின் அடால்ஃப் ரப்பும் வட கரோலினாவின் டீன் ஸ்மித்தும். ஸ்மித்திடம் கற்றவர் ராய் வில்லியம்ஸ். சங்கீதத்தில் சொல்வது மாதிரி ஒரே பாணி, நான்கு தலைமுறை.

இந்தப் பரம்பரையில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு பெயர் ஜான் மெக்லெண்டன். 1930களில் கேன்ஸஸில் படித்த கறுப்பின மாணவர். பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை, நிறம் காரணம். நேஸ்மித் அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். ஆடவே விடாத இடத்தில் கற்ற அந்த மனிதர்தான் எதிரணி மூச்சுவிட முடியாதபடி ஓடிக்கொண்டே இருக்கும் வேக ஆட்டத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டர்ஹம் நகரில், அவருடைய கறுப்பினக் கல்லூரி அணியும் டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளை மாணவர் அணியும் ஓர் உள்ளரங்கத்தின் கதவைப் பூட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக ஆடின, சட்டப்படி அது முடியாத காலம். மெக்லெண்டன் பையன்கள் 88-44 என்று ஜெயித்தார்கள். அப்புறம் இரண்டு அணியையும் கலந்து, ஒரு பக்கம் சட்டையோடும் ஒரு பக்கம் சட்டையில்லாமலும் இன்னொரு ஆட்டம் ஆடிவிட்டுக் கலைந்து போனார்கள். பல வருடம் வெளியே தெரியவே தெரியாது. 1957 முதல் 1959 வரை மூன்று வருடம் தொடர்ந்து டென்னஸி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு சிறிய கல்லூரிகளின் அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.வின் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் அப்போதும் கூப்பிடவில்லை. 1966இல்தான் க்ளீவ்லாந்து ஸ்டேட் கூப்பிட்டது.

கேள்வி: பெண்கள் கூடைப்பந்தில் இந்த மாதிரிப் பெரிய கோச்சுகள் உண்டா?

‘இந்த மாதிரி’ என்ன, மேலேயே உண்டு. பேட் சம்மிட் 1974இல் டென்னஸி பல்கலைக்கழகத்தின் தலைமை கோச் ஆனபோது வயது 22, அணியில் சில பெண்களுக்கும் அவருக்கும் ஓரிரு வயதுதான் வித்தியாசம். மாதம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். முதல் ஆட்டம் 84-83 என்று ஒரு புள்ளியில் தோல்வி. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் ஒன்பது’ சட்டம் 1972இலேயே வந்துவிட்டது, ஆனால் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கென்று ஒரு தேசியத் தொடர் நடத்த 1982 வரை எடுத்துக்கொண்டது. சம்மிட்டின் முதல் பட்டம் 1987இல். 38 வருட முடிவில் 1,098 வெற்றி, 8 பட்டம். அவரிடம் முழுக் காலமும் ஆடிய பெண்களில் பட்டப்படிப்பு முடிக்காதவர் ஒருவர்கூட இல்லை, எனக்கு அந்த எட்டைவிட இது பெரிது. 2011இல் அல்சைமர் இருப்பதை அவரே வெளியே சொல்லிவிட்டு இன்னொரு சீசன் கோச்சாக இருந்தார். 2016இல் காலமானார்.

எண்ணிக்கை வேண்டும் என்றால், ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வியர் 1,216 வெற்றியோடு 2024இல் ஓய்வு பெற்றார், கோச் கேவைத் தாண்டிவிட்டுத்தான் போனார். அதே வருடம் நவம்பரில் கனெக்டிகட்டின் ஜீனோ ஔரியேமா அவரைத் தாண்டினார்.

கேள்வி: வாங்கிய பட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாமே?

எடுப்பார்கள். லூயிவில் பல்கலைக்கழகம் 2013இல் தேசியப் பட்டம் ஜெயித்தது. அணி ஊழியர் ஒருவர் பையன்களுக்காக விடுதியில் செய்த அசிங்கமான ஏற்பாடுகள் வெளியே வந்து, 2018 பிப்ரவரியில் என்.சி.ஏ.ஏ. அந்தப் பட்டத்தையே ரத்து செய்தது, கொடியை இறக்கினார்கள். கோச் ரிக் பிட்டினோ எனக்கு எதுவும் தெரியாது என்றே சொன்னார். அதற்கு முன்பே, 2017இல், வேறொரு விவகாரத்தில் அவர் வேலை போயிருந்தது. கிரீஸ் நாட்டுக்குப் போய் அங்கே கோச்சாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, 70 வயதைத் தாண்டி இப்போது செயின்ட் ஜான்ஸில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். ஜெயிக்கத் தெரிந்த கோச்சுக்கு இந்தத் தொழில் நிரந்தரமாகக் கதவைச் சாத்துவது அபூர்வம்.

கேள்வி: நல்ல நிலையில் இருக்கும் கோச்சுகள் ஏன் திடீர் திடீரென்று ஓய்வு அறிவிக்கிறார்கள்?

வேலை மாறிவிட்டது, அதுதான். 2021 ஜூலையிலிருந்து மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அது 2021இல் முதல் தடவைக்குத் தளர்ந்தது, 2024இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. 2025இல் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருடம் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. ஆக ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி அணி கிளம்பிவிடும், கோச் புதிதாகக் கடை விரிக்க வேண்டும்.

பையன்கள் சம்பாதிப்பது ரொம்ப நியாயம், அது தாமதமாக வந்ததுதான் அநியாயம். அவர்கள் வியர்வையில் கோச்சுகள் மில்லியன் மில்லியனாக வாங்கிக்கொண்டிருந்தபோது ஆட்டக்காரனுக்கு ஸ்காலர்ஷிப்போடு சரி என்றவர்கள், இப்போது விசுவாசம் போய்விட்டது என்று புலம்பினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் ஒருவனை நான்கு வருடம் வைத்துச் செதுக்குவதில்தான் சந்தோஷம் என்று இருந்த கோச்சுக்கு இது வேறு தொழில், அதுவும் உண்மை. வில்லனோவாவின் ஜே ரைட் இரண்டு பட்டம் வாங்கிவிட்டு 2022இல் 60 வயதில் விலகினார். வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது விலகினார், 55 வயது. இந்தப் புதுச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பென்னட் யார் தெரியுமா? 2018 வரை ஆண்கள் தொடரில் முதல் தர வரிசை அணி 16ஆம் வரிசை அணியிடம் தோற்றதே கிடையாது, 135 தடவை மோதி 135 தடவையும் ஜெயித்திருந்தார்கள். 2018இல் அந்தச் சாதனையை உடைத்துக்கொண்டது அவருடைய அணிதான், 74-54, இருபது புள்ளி வித்தியாசம். நாடே கைகொட்டிச் சிரித்தது. அடுத்த வருடமே பெரும்பாலும் அதே பையன்களை வைத்துக்கொண்டு தேசியப் பட்டம் வென்றார், அதற்குப் பிறகு தந்த சம்பள உயர்வை எனக்கு வேண்டாம் என்றார். இன்றைய விதிகளில் அந்தத் தோல்விக்குப் பிறகு அந்தப் பையன்களில் எத்தனை பேர் அங்கேயே இருந்திருப்பார்கள்?

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரே பெயர் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த கோச்?

டீன் ஸ்மித். கொடும்பாவி எரிச்சலை யாரிடமும் தீர்த்துக்கொள்ளாதவர். கூடையில் பந்தைப் போட்டவன் ஓடிக்கொண்டே, தனக்கு பாஸ் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்ட வேண்டும் என்று பழக்கியவர். இன்று எந்த நாட்டில் எந்த ஆட்டத்தில் அப்படி விரல் நீட்டினாலும் எனக்கு அவர் ஞாபகம்தான். 2015 பிப்ரவரியில் காலமானார். சில வாரம் கழித்து, 36 வருடத்தில் அவரிடம் ஆடியவர்களுக்கு, சுமார் 180 பேர், ஆளுக்கொரு தபால் வந்தது. அவருடைய உயிலின்படி ஆளுக்கு 200 டாலர் செக். வெளியே போய் நன்றாகச் சாப்பிடு, கோச்சின் கணக்கில், என்று எழுதியிருந்தது. ஜோர்டனுக்கும் அதே 200தான், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே 200தான்.